மேனேஜருக்கு முதல் பரிவட்டம்

இது நான் கேள்விப்பட்ட கதை. சொன்னவரும் நேரில் பார்த்தவர் இல்லை, அதனால் பெயர்களுக்கு நான் பொறுப்பில்லை.

ஒரு நூற்பாலை அலுவலகத்தில் அறுபது கம்ப்யூட்டர்கள். ஒப்பந்த வேலையில் இருந்த அஞ்சுகம், உட்கார்ந்த இடத்திலிருந்தே கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டுவாள். புது மென்பொருள், புது அமைப்பு எதுவானாலும் அறுபதிலும் ஒரே நேரத்தில் ஏறிவிடும். மேனேஜர் தாண்டவராயனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"ஏம்மா, கோயில்லயே முதல் பரிவட்டம் எனக்குத்தான். இங்க கேட்டுல இருக்கிற வாட்ச்மேனுக்கும் எனக்கும் ஒண்ணாவா வரும்? எது வந்தாலும் முதல்ல எனக்கு வரணும். இல்லேன்னா நாளைக்கு நீ வராதே."

"சரிங்க சார்" என்று அஞ்சுகம் கட்டளையை மாற்றி எழுதினாள்.

மறுநாளே அவர் கம்ப்யூட்டர் மட்டும் ஜப்பான் மொழி பேசியது. பிறகு முக்கியமான மீட்டிங்கின் நடுவே தானாக அணைந்தது. கடைசியில் திரையே தலைகீழாக நின்றது. அவர் நாற்காலியில் மல்லாந்து, தலையைத் தொங்கவிட்டு மெயில் படித்துக்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்தார்.

"என்னய்யா, யோகாசனமா?"

"இவதாங்க என் மெஷினைக் கெடுக்கிறா!"

"இல்லீங்க ஐயா. எதுவும் முதல்ல அவருக்குத்தான் போகணும்னு அவர் உத்தரவு. அவருக்குச் சரியா வந்தாத்தான் மத்தவங்களுக்கு அனுப்புறேன். அவர் புண்ணியத்துல மத்த அம்பத்தொன்பது பேரும் தப்பிச்சோம்."

"எனக்குக் கடைசியாவே வரட்டும்" என்றார் மேனேஜர் அவசரமாக.

"வேண்டாம்யா, இது நல்லா இருக்கு" என்ற முதலாளி, அஞ்சுகத்தின் வேலையை அன்றே நிரந்தரமாக்கினார்.

பிறகு நான் விசாரித்துப் பார்த்தேன். புது மாற்றத்தை முதலில் வாங்கிப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு அந்தத் தொழிலில் நிஜமாகவே ஒரு பெயர் உண்டு: கானரி. விஷவாயு இருக்கிறதா என்று பார்க்க, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கூண்டில் வைத்துக் கொண்டுபோன குருவி அது.