சின்ன அகல்

"அம்மா, இடுப்பு வலி உயிரை வாங்குது. உட்கார முடியல. உட்கார முடியாதவனுக்கு ஞானம் எங்கேருந்து வரும்?"

கேட்டவர் அம்பலவாணன். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு வீட்டை மகளிடம் கொடுத்துவிட்டு, இனி இதுதான் எனக்கு வீடு என்று ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் கேட்டது மடத்தின் தலைவி திலகவதி அம்மாவிடம். வயதில் அவருக்கு மகள் மாதிரி. மடத்தில் எல்லோருக்கும் அம்மா.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். எலும்பு, நரம்பு எல்லாம் நல்லா இருக்காம். ஒரே மாதிரி உட்காராதீங்க, அப்பப்போ எழுந்து நடங்கன்னு சொல்லி அனுப்பிட்டார். ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு வலி?"

"அவர் சொன்னதைக் கேட்டீங்களா?"

"தியானத்தைப் பத்தி அவருக்கு என்னம்மா தெரியும்?"

அம்மா எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

வாத்தியாருக்கு வலியைவிடப் பயம்தான் பெரிசு. மடத்தை நிறுவிய பெரியசாமியின் குருபூஜை வருகிறது. அன்று காலையிலிருந்து உச்சிப்பூஜை வரை சமாதிக்கு முன்னால் எல்லோரும் அசையாமல் உட்காருவது வழக்கம். நடுவில் எழுந்தவருக்குக் காவி கிடையாது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று மற்ற சீடர்கள் சொல்லியிருந்தார்கள்.

அதனால் மனிதர் விடிந்ததும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கம்பை முழுங்கினவர் போல உட்கார்ந்து பழகினார். வலி கூடக்கூட இன்னும் விறைத்துக்கொண்டார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் அம்மா ஒரு அகல் விளக்கைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது அணையக் கூடாது."

"சரிம்மா."

"எண்ணெய்க் குடம் மடப்பள்ளியில இருக்கு. கரண்டியில மொண்டு வந்து ஊத்துங்க."

மடப்பள்ளி முற்றத்துக்கு அந்தப் பக்கம். வாத்தியார் கண்ணை மூடி மனம் கொஞ்சம் அடங்கினால் போதும், திரி பொரிய ஆரம்பிக்கும். எழுந்து போக வேண்டும். எண்ணெய் கொண்டுவர வேண்டும். மறுபடி உட்கார வேண்டும். மறுபடி பொரியும்.

அவர் சும்மா இருப்பாரா? பெரிய குத்துவிளக்கு ஒன்றைத் தேடி எடுத்து, நிறைய எண்ணெய் ஊற்றி, தீபத்தை அதற்கு மாற்றினார். நாள் முழுக்க எரியும்.

அம்மா வந்து பார்த்தாள். குத்துவிளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பதிலுக்கு முதலில் வைத்ததைவிடச் சின்ன அகலை வைத்துவிட்டுப் போனாள்.

வாத்தியார் குழம்பிப் போனார். பிறகு அவருக்கு வெளிச்சமாயிற்று.

"அம்மா, புரிஞ்சுபோச்சு. அகல் சிறுக்கிறதுன்னா அகங்காரம் சிறுக்கிறது."

"எண்ணெய் தீருது பாருங்க."

இன்னொரு நாள் மடப்பள்ளியைக் கழுவுவதற்காக எண்ணெய்க் குடத்தை நகர்த்த வேண்டியிருந்தது. வாத்தியார் நின்றபடியே குனிந்து, கையை நீட்டித் தூக்கப்போனார். அம்மா அவர் தோளைத் தொட்டு நிறுத்தினாள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, குடத்தை நெஞ்சோடு அணைத்து எழுந்து காட்டினாள்.

"குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்குங்க."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இறைவனைக் குழந்தையா நினைச்சு அணைச்சுக்கணும்னு சொல்றீங்க. இல்லையாம்மா?"

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணைச் சொன்னா பொழிப்புரை எழுதிடறீங்க, வாத்தியாரே."

அதற்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று அன்று முழுக்க யோசித்தபடி எண்ணெய் சுமந்தார். துண்டை இடுப்பில் கட்ட மறந்து எத்தனையோ நாளாகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. யோசிக்கவே நேரம் போதவில்லை, இடுப்பைக் கவனிக்க ஏது நேரம்?

குருபூஜை வந்தது.

சமாதிக்கு முன்னால் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மா முன்வரிசையில். உட்காருவதற்கு முன் அந்தச் சின்ன அகலை ஏற்றி, வாத்தியாருக்கு எதிரே வைத்தாள்.

அவர் அகலையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

எழுந்தால் காவி போச்சு. எழாவிட்டால் விளக்கு போச்சு. இதில் எது பரீட்சை? உட்காருவதா, எழுவதா? அகங்காரம், குழந்தை, எண்ணெய் என்று இத்தனை நாள் எழுதிய உரை எதுவும் உதவிக்கு வரவில்லை. திரி பொரிய ஆரம்பித்தது.

ஐயோ, எனக்குப் போக வேறு வீடு இல்லையே என்று நினைத்தார்.

தீபம் மங்கியது. எழுந்துவிட்டார்.

கண்ணை மூடித் தியானத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். தீபம் நிமிர்ந்தது. அவர் உட்காரவில்லை. சமாதியை ஒருமுறை கும்பிட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார். துணிமணியும் புத்தகமும் அடைத்த தகரப்பெட்டி மூலையில் இருந்தது. வந்த நாளில் அதை இழுத்துத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது பழக்கதோஷத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்து எழுந்தார்.

அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். இரண்டு கையையும் தன் இடுப்பில் ஊன்றி, பின்னால் வளைந்து, "அப்பாடா" என்று மூச்சு விட்டாள். அவளுக்குப் பின்னால் கூடத்தில் யார் யாரோ முனகிக்கொண்டு எழுந்து காலை உதறுவது கேட்டது.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"எழுந்துட்டேனேம்மா. எழுந்தவனுக்குக் காவி இல்லைன்னு..."

"யார் சொன்னது?"

வாத்தியார் யோசித்தார். எல்லோரும்தான் சொன்னார்கள். அம்மா சொல்லி மட்டும் கேட்டதில்லை.

"அப்படின்னா அந்த விளக்குக்கு என்னம்மா பொருள்?"

அம்மா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெட்டியை வைங்க, வாத்தியாரே. எண்ணெய் தீருது."