செவ்வாய்க்குப் போகாத பிச்சாண்டி

நான்தான் பிச்சாண்டி. மருதங்காவல் அரசவையில் விகடன். பெரிய சாமர்த்தியசாலி என்று ஊரே என்னைச் சொல்கிறது. ஊரை நம்பாதீர்கள். எனக்கு ஊஞ்சலில் ஏறினாலே தலை சுற்றும். அப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் ராஜா உத்தமகேசரி செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பப் பார்த்தார்.

எல்லாம் அரண்மனை ஜோசியர் மார்க்கசகாயர் செய்த வேலை. அவர் மழை வரும் என்று சொன்ன நாளில் நான் சபைக்குக் குடை இல்லாமல் போவேன். வராது என்று சொன்னால் குடையோடு போவேன். ஒருநாளும் நனைந்ததில்லை. சபை சிரிக்கும். அவர் பல்லைக் கடிப்பார்.

ஒருநாள் ராஜா பெருமூச்சு விட்டார். "சுற்றியுள்ள நாடெல்லாம் பிடித்தாயிற்று. இனி எங்கே கொடி நாட்டுவது?"

"செவ்வாயில் நாட்டலாம், மகாராஜா," என்றார் ஜோசியர். "அங்கே மண் இருக்கிறது, மலை இருக்கிறது. செம்பினால் ஒரு கோளம் செய்து வைத்திருக்கிறேன். ஆளை உள்ளே உட்காரவைத்துக் கதவை அரக்கால் அடைத்துவிட வேண்டும். அடியில் நூறு வண்டி வெடிமருந்தைக் கொளுத்தினால் முந்நூறு நாளில் போய்ச் சேரும். முதல் ஆள் புத்திசாலியாக இருக்க வேண்டும். பிச்சாண்டியை விட்டால் யார்?"

சபை கைதட்டியது.

கதைகளில் வரும் விகடனுக்கு உடனே யோசனை பிறக்கும். எனக்கு வியர்வைதான் வந்தது. வாயில் வந்ததை உளறினேன்.

"மகாராஜா, எனக்குச் செவ்வாய் தோஷம்!"

"அப்படியானால் அந்தக் கிரகத்துக்கு உன்னை ஏற்கெனவே தெரியும். நல்லதாய்ப் போயிற்று."

"இன்று செவ்வாய்க்கிழமை. பயணம் கிளம்பக் கூடாதே?"

"புதன்கிழமை கிளம்பு."

கைவசம் இருந்த சாதுர்யம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேசியது உயிர்ப்பயம்.

"ஜோசியரே, போகிற வழியில் மூச்சுவிடக் காற்று?"

"கோளத்துக்குள் இருக்கிறதே! காலி இடமெல்லாம் காற்றுதானே?"

"முந்நூறு நாளுக்கும் அது போதுமா?"

"காற்று என்ன அவலா, தின்று தீர்க்க?"

ராஜா தலையாட்டினார். நான் கைகூப்பினேன்.

"போகிறேன், மகாராஜா. ஆனால் அந்தக் கோளத்தில் எந்தத் திருகு எதற்கென்று எனக்குத் தெரியாது. பயணத்தை ஒருநாள் தள்ளி, வெடிமருந்து வைக்காமல், நாளை ஒரு பகல் மட்டும் ஜோசியர் என்னோடு உள்ளே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும்."

முந்நூறு நாள் தாங்கும் என்றவர் ஒரு பகலுக்கு எப்படி மறுப்பார்? மறுநாள் காலை இருவரும் உள்ளே போனோம். அவர் முழங்கால் என் தொப்பையில் இடித்தது. நடுவில் ஓர் அகல்விளக்கு. கதவை அடைத்தார்கள்.

அடுத்து நடந்ததை வெளியே நின்றவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியாக ராஜா பார்த்துக்கொண்டே இருந்தாராம். வெயில் ஏற ஏறச் செம்பு கொதித்தது. விளக்குச் சுடர் சிறுத்துச் சிறுத்து அணைந்தது. நான்காவது நாழிகையில் உள்ளேயிருந்து தடதடவென்று சத்தம்.

"திறங்கள்! மூச்சு முட்டுகிறது! திறங்கள்!"

அரக்கை உடைத்தார்கள். ஜோசியர் தவழ்ந்து வெளியே வந்தார். என்னை நான்கு சேவகர்கள் இழுத்துப் போட்டார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தேன்.

"முந்நூறு நாள் என்றீரே?" என்று ராஜா கேட்டார். ஜோசியர் இருமிக்கொண்டே இருந்தார். ராஜா என் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் கண்ணை மூடி, அசையாமல், முனிவர் மாதிரி இருந்தாயே. எப்படி?"

"இருந்தது கொஞ்சம் காற்று, மகாராஜா. பெரியவர் மூச்சுவிடட்டும் என்று நான் குறைத்துக்கொண்டேன்."

"சரி, ஓர் உலகத்தில் மனிதன் வாழ என்னதான் வேண்டும்?"

"விட்ட மூச்சைப் புதிதாக்கித் தர மரம் செடி வேண்டும். அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் உறைந்தும் போகாமல் கொதித்தும் போகாமல் இருக்க வெயில் அளவாக வேண்டும். இத்தனையையும் ஜோசியர் அந்தக் கோளத்துக்குள் வைத்துவிட்டால் போகிறேன். அதுவரை எனக்கு ஒரு கதவு போதும். உள்ளேயிருந்து திறக்கிற கதவு."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கோளத்தை இரண்டாக அறுத்து யானைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஆக்கச் சொன்னார். எனக்குப் பொன்னாடை போர்த்தி, 'வளி காத்த வள்ளல்' என்று பட்டமும் கொடுத்தார்.

வாசலில் ஜோசியர் என் கையைப் பிடித்தார். "யாரை ஏமாற்றுகிறாய்? கதவை அடைத்ததுமே நீ பயத்தில் மயங்கி விழுந்தாய். அப்படியே தூங்கியும் போனாய். நான் பார்த்தேன்."

அவர் சொன்னது சத்தியமான உண்மை.

"வாருங்கள், இதைச் சபையிலேயே சொல்லிவிடுவோம்," என்றேன். "ஒருவன் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தான், காற்று முழுவதும் உங்களுக்கே இருந்தது, அப்படியும் நான்கு நாழிகை தாங்கவில்லை என்று."

ஜோசியர் என் கையை விட்டார். பிறகு, "பொன்னாடை நழுவுகிறது பார்," என்று அதைத் தோளில் சரியாகப் போட்டுவிட்டுப் போனார்.