மணலில் நின்ற ஓடம்

முன்னொரு காலத்தில், மழை ஊர்வழியை மறந்துபோயிருந்த காலத்தில், நீலி ஆற்றின் மேல்கரை நாட்டை ஒரு ராஜா ஆண்டான். ஆறு இறங்கிப் போகும் கீழ்க்கரை நாடு வேறொருவருடையது. ஆறு மட்டும் இரண்டுக்கும் பொது. பெருகினால் பெருகியதில் பங்கு, வற்றினால் வற்றியதில் பங்கு என்பது பாட்டன் காலத்து ஏற்பாடு.

பஞ்சம் வந்ததும் அமைச்சர் திரியம்பகர், "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்று ராஜாவின் காதில் ஓதினார். ராஜாவும் எல்லையோரத்து அணையின் மதகை அடைத்து, இனி ஒரு சொட்டு நீரும் எல்லை தாண்டக் கூடாதென்று ஆணையிட்டுவிட்டான். கீழ்க்கரைக்காரர்கள் என்ன செய்வார்கள்? காய்ந்த ஆற்றுமணலில் ஆழமாக ஊற்றுத் தோண்டினார்கள். அவர்கள் தோண்டத் தோண்ட, மேல்கரையின் எல்லைக் கிணறுகளும் இறங்கின. அவர்கள் பூமிக்கடியில் கைவிட்டுத் திருடுகிறார்கள் என்று திரியம்பகர் கொதித்தார். மேலே அடைத்தவர்கள் கீழே திருட்டைப் பற்றிப் பேசுவது நல்ல வேடிக்கைதான். ஆனால் அதை அரண்மனையில் யார் சொல்வது?

அந்தச் சமயத்தில் ராஜாவின் தாயார் காலமானார். அந்த அம்மாள் பிறந்தது கீழ்க்கரையில். தன் சாம்பல் ஆற்றோடு போய்ப் பிறந்த ஊர்ப் படித்துறையைத் தொட வேண்டும் என்று கடைசியாகக் கேட்டிருந்தார். மகனும் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். தகனம் முடிந்து, சாம்பல் கலயத்தை வாங்கியபோதுதான் அவனுக்குத் தான் அடைத்த ஆற்றின் நினைவு வந்தது. பாவம், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சபையில் இடும்பன் என்றொரு விகடன் இருந்தான். ராஜா அவனிடம் காட்டிய பிரியம் திரியம்பகருக்குக் கண்ணில் விழுந்த தூசி. இதுதான் சமயமென்று அவர் எழுந்தார்.

"மகாராஜா, எதற்கும் வழி சொல்பவர் நம் இடும்பனார். ராஜமாதாவை அவரே அழைத்துச் செல்லட்டும். ஆற்று வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் ஒரு சொட்டும் எல்லை தாண்டக் கூடாது. முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

துக்கத்தில் இருந்த ராஜா தலையாட்டினான். இடும்பன் கலயத்தை இரு கையாலும் வாங்கிக்கொண்டான். அன்றைக்கே கீழ்க்கரையில், உங்கள் ஊர்ப் பெண் வருகிறாள் என்று பறையறிவிக்க ஆள் அனுப்பினான்.

மறுநாள் ராஜா அணைக்கு வந்து பார்த்தால், மதகுக்குக் கீழே வெறும் மணலில் ஓர் ஓடம் நிற்கிறது. கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு இடும்பன் துடுப்புப் போடுகிறான். மணல்தான் பறக்கிறது. அத்தனை துக்கத்திலும் ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இடும்பா, இந்த ஓடம் எப்போது போய்ச் சேரும்?"

"ஆற்று வழியில்தான் போகிறேன், மகாராஜா. ஒரு சொட்டும் எல்லை தாண்டவில்லை. இரண்டு ஆணையும் நிறைவேறுகின்றன. ஆறு வரும்வரை அம்மா என் மடியில் காத்திருப்பார்கள்."

ராஜாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

அதற்குள் எல்லைக்கல்லைத் தாண்டிக் கீழ்க்கரைப் பெண்கள் தலையில் குடத்தோடு வந்தார்கள். பிறந்த ஊர்ப் பெண் சாம்பலாகத் திரும்பினால், எதிர்கொண்டு நீர் வார்ப்பது அவர்கள் வழக்கம். பாருங்கள், நம் கிணற்றுத் தண்ணீர் குடம் குடமாக வருகிறது என்றார் திரியம்பகர். ராஜா இறங்கிப்போய் முன்னால் நின்ற பூவாயி என்பவளின் குடத்துக்குள் பார்த்தான். அடியில் ஒரு கை அளவு கலங்கல் தண்ணீர். மற்றக் குடங்களிலும் அவ்வளவுதான். அதையும் அவள் கலயத்தைச் சுற்றி வார்த்துவிட்டாள்.

குடிக்க என்ன செய்வீர்கள் என்று ராஜா கேட்டான்.

"ஊத்து ஊறுனா குடிப்போம் சாமி. அவுக எங்க வீட்டுப் பொண்ணு. காஞ்ச குடத்தோட வந்து நிக்க முடியுமா?"

ராஜா மதகைத் திறக்கச் சொன்னான். நம் குடிகளுக்கே அரை வயிறுதானே என்று திரியம்பகர் பதறினார்.

"நம் வீட்டில் அரைக் கஞ்சி என்றால், என் தாய் பிறந்த வீட்டிலும் அரைக் கஞ்சி இருக்கட்டும்" என்றான் ராஜா.

தண்ணீர் வந்தது. ஓடம் ஆடி ஆடி மேலே எழும்பியது. ஆறு ஓடினால் மணல் குடிக்கும், மணல் குடித்தால் இரு கரைக் கிணறும் ஊறும், திருடனைப் பிடிக்கும் வேலையும் அமைச்சருக்கு மிச்சம் என்றான் இடும்பன். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான்.

விகடக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மற்றப் பெண்கள் குடத்தை முக்கும்போது, பூவாயி மட்டும் கணுக்கால் தண்ணீரில் சும்மா நின்றாள். ஏனம்மா நிரப்பவில்லை என்று ராஜா கேட்டான்.

"போன மாசம் இது வந்திருந்தா, எம் புள்ள வாயில ஊத்தியிருப்பேன் சாமி."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. இடும்பன் மாலையைக் கழற்றி ஓடத்தில் வைத்தான். பிறகு துடுப்பை எடுத்து, கலயத்திலிருந்த அம்மாளை அவர் பிறந்த ஊருக்குக் கொண்டுபோனான்.