நாலாவது கடைசி வீடியோ

"அம்மா, சேனலை மூடிடலாம்னு இருக்கேன்," என்றார் பொன்னுரங்கம்.

சம்பூரணம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மூடுங்க."

"அது அவ்வளவு லேசு இல்லைங்கம்மா."

"ஏன், பூட்டு பெருசோ?"

பொன்னுரங்கம் பாயில் உட்கார்ந்தார். அவரும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து உருவ ஆரம்பித்தார். அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்து ஞானம் கேட்க முடியாது.

பவானிப் பக்கம் பொன்னுரங்கத்தைத் தெரியாத ஆள் கிடையாது. ‘இலை போட்டாச்சு’ என்று யூடியூபில் ஒரு சேனல். எட்டு வருஷம். ஒத்தை ஆள். படம் பிடிப்பதும் அவரே, பேசுவதும் அவரே, தின்பதும் அவரே. புளியமரத்தடி இட்லிக் கடை, லாரிப்பேட்டை மெஸ், சந்தை நாளில் மட்டும் திறக்கிற புரோட்டாக் கடை என்று தேடித் தேடிப் போய்க் காட்டியிருக்கிறார். அவர் வாயால் "ஆஹா" என்று சொல்லிவிட்டால் மறுநாள் அந்தக் கடை வாசலில் பத்து கார் நிற்கும்.

சம்பூரணம்மாவிடமும் முதலில் கேமராவோடுதான் வந்தார். ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஓட்டு வீடு. மத்தியானம் யார் வந்தாலும் அம்மா கம்பங்கூழ் ஊற்றுவார். அதைப் படம் பிடிக்கக் கேட்டார்.

"வாய் இருக்கிறவங்களுக்குத்தான் ஊத்தறேன்," என்றார் அம்மா, கேமராவைக் காட்டி.

அன்றிலிருந்து கேமராவை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு வயது முப்பத்தொன்பது, இவருக்கு ஐம்பத்திரண்டு. இருக்கட்டுமே! தாகம் எடுத்தவன் கிணற்றுக்கு வயசு கேட்பானா?

"தை மாசமே மூடறேன்னு சொன்னீங்களே," என்றார் அம்மா.

"சொன்னேன். ‘நண்பர்களே, இதுதான் கடைசி’ன்னு வீடியோவே போட்டேன். பேசும்போது எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"அப்புறம்?"

"மூணு லட்சம் பேர் பார்த்துட்டாங்கம்மா! எட்டு வருஷத்துல எந்த இட்லியையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை. ‘அண்ணா போகாதீங்க’ன்னு எழுதறாங்க. துபாய்ல இருந்து ஒருத்தர் அழுது பேசி அனுப்பறார். மனசு கேக்கலை. திரும்பி வந்துட்டேன்."

"சித்திரையில?"

"‘இதுதான் நிஜமான கடைசி’ன்னு ஒண்ணு போட்டேன். அஞ்சு லட்சம்."

"ஆடியில?"

பொன்னுரங்கம் பிடரியைச் சொறிந்தார்.

"‘ஏன் போகிறேன்’னு ஒரு விளக்கம். அதுக்குக் கேள்வி கேட்டாங்க. பதில் சொல்லணுமில்லையா, அடுத்த வாரம் பதில் போட்டேன். அப்படியே பழையபடி ஆகிப்போச்சு. ஒருத்தன் எழுதறான், பொங்கல் தீபாவளி மாதிரி அண்ணனுக்கும் வருஷத்துல மூணு கடைசி வருதுன்னு."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"எதுக்கு மூடணும்?" என்றார் அம்மா.

"சோறு இறங்கலைங்கம்மா."

போன வாரம் நடந்ததைச் சொன்னார். ஒரு மெஸ்ஸில் குருமாவை வாயில் வைத்து, கண்ணை மூடி, "ஆஹா! அமிர்தம்!" என்றிருக்கிறார். கடைக்காரர் உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடி வந்தாராம். "சார், சார், நிறுத்துங்க, அதுல உப்புப் போட மறந்துட்டோம்!"

"உப்பு இல்லைன்னு என் நாக்குக்குத் தெரியலைங்கம்மா. நாக்குல படறதுக்கு முன்னாடியே ஆஹா வந்துருது."

அம்மா கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுகூடப் போகட்டும். தெய்வானை என்கூட ஒழுங்கா உட்கார்ந்து சாப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

தெய்வானை அவர் மனைவி. வீட்டுச் சமையலும் சேனலில் வரும். தட்டில் எது விழுந்தாலும் முதலில் விளக்கு, அப்புறம் ஸ்டாண்டு, அப்புறம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். "கை வெச்சுடாதே, ஒரு நிமிஷம்" என்பார். அந்த ஒரு நிமிஷம் முடிய அரை மணி ஆகும். ஒரு சஷ்டியன்று நாள் முழுக்க விரதம் இருந்துவிட்டு உட்கார்ந்த மனுஷியைப் பார்த்தும் "கை வெச்சுடாதே" என்று சொல்லிவிட்டார். அவள் ஒன்றும் பேசவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். அதிலிருந்து பெரும்பாலும் அங்கேதான் சாப்பிடுகிறாள்.

"முதல் கடைசி வீடியோ அன்னைக்கு ரெண்டு தட்டு வெச்சா. பத்து நாள் கழிச்சு நான் விளக்கைப் போட்டதும் ஒண்ணை எடுத்துட்டுப் போயிட்டா. சித்திரையிலயும் அதே கதை. ஆடியில தட்டே வைக்கலை. எனக்கு அவளோட உட்கார்ந்து சாப்பிடணும்ங்கம்மா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம்."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த கீரைக் காம்பைக் கீழே வைத்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"நாலாவதா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். இருபத்தோரு நிமிஷம். சாயந்திரம் ஆறு மணிக்குத் தானா ஏறிடும். யார் மனசும் நோகாம, யாரும் திரும்பக் கூப்பிடாத மாதிரி பேசியிருக்கேன்னு நினைக்கிறேன். நீங்க ஒரு தடவை பார்த்து, எந்த வார்த்தையை மாத்தணும்னு சொல்லுங்க."

அம்மா மடியில் இருந்த காம்புகளை உதறிவிட்டு எழுந்தார்.

"ஒரு துக்கம் விசாரிக்கணும். வாங்க, போயிட்டு வந்து பார்க்கலாம்."

ரைஸ்மில் லாரி ஓட்டுகிற சென்னிமலையின் அப்பா இறந்து நாலு நாள் ஆகியிருந்தது. வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அம்மா சென்னிமலையின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே பெண்களோடு போய் உட்கார்ந்தார். பொன்னுரங்கம் பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் போயிருக்கும். அம்மா வெளியே வந்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். படியிறங்கி, யாரையும் பார்க்காமல், தெருவில் நடந்துவிட்டார்.

துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் முறை. போயிட்டு வரேன் என்றால் இன்னொரு சாவுக்கு வரேன் என்று ஆகிவிடும். இது ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பொன்னுரங்கத்துக்கும் தெரியும்.

தெரிந்து என்ன பிரயோசனம்? அவர் எழுந்ததும் பந்தலில் இருந்த அத்தனை முகமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. வரிசையாக முகங்கள் தன்னைப் பார்த்தால் அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். எட்டு வருஷப் பழக்கம். கை தானாகக் குவிந்தது. முகம் மலர்ந்தது. வாய் தானாகத் திறந்தது.

"இதே மாதிரி இன்னொரு இடத்துல மறுபடியும் சந்திப்போம்! அதுவரைக்கும் உங்ககிட்ட இருந்து விடைபெறுவது, உங்கள் பொன்னுரங்கம்!"

பந்தல் அப்படியே நின்றது.

"அட எடுபட்டவனே!" என்று உள்ளேயிருந்து வந்தாள் சென்னிமலையின் அத்தை. "யாருடா அவன்? அடுத்த எழவுக்கு இப்பவே நாள் குறிக்கறான்?"

பொன்னுரங்கத்துக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பூமி பிளந்தால் அதற்குள் போயிருப்பார். பிளக்கவில்லை. பேசாமல் இறங்கிப் போயிருக்கலாம். அவரோ விளக்க ஆரம்பித்தார்.

"மன்னிச்சுக்குங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா..."

சேனல் என்றார். பழக்கதோஷம் என்றார். கெட்ட எண்ணம் இல்லை என்றார். சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஓய்ந்திருந்த அழுகை மறுபடி கிளம்பியது. யாரோ ஒருவர் பாவப்பட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "உட்காருங்க, உட்காருங்க" என்றார். கிளம்பியவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிஷம் கழித்து மெல்ல எழுந்தார்.

"அப்ப நான்..."

"மறுபடியும் சொல்றான் பாரு!" என்றாள் அத்தை.

உட்கார்ந்தார்.

கடைசியில் சென்னிமலையே வந்து தோளில் கை வைத்து, தெரு வரைக்கும் நடத்திக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனான். அப்பனைப் பறிகொடுத்தவன் இவருக்கு ஆறுதல் சொல்லும்படி ஆயிற்று.

தெருமுனைக் குழாயடியில் சம்பூரணம்மா நின்றிருந்தார். குழாயடி வீட்டில் ஒரு சொம்பு வாங்கிக் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மானம் போச்சுங்கம்மா," என்றார் பொன்னுரங்கம். அழுதுவிடுவார் போல இருந்தது.

அம்மா அடுத்த காலில் தண்ணீர் ஊற்றினார்.

"நீங்க எந்திரிச்சு வந்தப்ப யாரும் ஒண்ணும் கேக்கலையே?" என்றார் இவர்.

"நான் அவங்களை ஒண்ணும் கேக்கலையே."

பொன்னுரங்கம் திரும்பிப் பந்தல் இருந்த பக்கம் பார்த்தார்.

"இது துக்க வீடுங்கம்மா. இங்க அப்படி வரலாம். என்னோடது கல்யாணப் பந்தி மாதிரி. சொல்லாம எந்திரிச்சா மரியாதையா?"

"எந்த வீடுன்னு வாசல்ல நிக்கிறவங்களுக்குத் தெரியாது," என்றார் அம்மா. "உங்க வீட்டுச் சமையல்கட்டுல கேளுங்க."

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. போனை நீட்டினார்.

"வந்து பார்க்கலாம்னு சொன்னீங்களே, இந்த வீடியோ..."

அம்மா சொம்பை நிறைத்து அந்தக் கையிலேயே கொடுத்தார்.

"காலைக் கழுவுங்க."

போனைப் பைக்குள் போட்டால்தான் சொம்பை வாங்க முடியும். போட்டார். வாங்கினார். நிமிர்ந்து பார்த்தபோது அம்மா ரைஸ்மில் பக்கம் திரும்பியிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் கொல்லைப் பக்கமாகச் சுற்றிப் போய்த் தலைக்குக் குளித்தார். ஈரத் தலையோடு போனை எடுத்தார். மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது.

நாலாவதை அழிக்கப் போனார். ‘நிச்சயமாகவா?’ என்று போன் கேட்டது.

அதற்கும் ஏதாவது விளக்கம் சொல்லலாமா என்று ஒரு கணம் வாய் துறுதுறுத்தது. ஆமாம் என்பதை மட்டும் அழுத்தினார்.

ஸ்டாண்டை மடக்கினார். விளக்கைக் கழற்றினார். ரெண்டையும் பரணில் ஏற்றிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

தெய்வானை குழிப்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தட்டில் ஆறு பணியாரம் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு வழக்கம்போலத் திரும்பி நடந்தாள்.

"நீயும் உட்காரு."

அவள் நின்றாள். மூலையைப் பார்த்தாள். ஸ்டாண்டு நின்ற இடம் காலியாக இருந்தது.

"ஏனுங்க, ரிப்பேரா?"

"இல்லை."

"ஓ! அடுத்த கடைசியா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புதான். "இன்னைக்கு என்ன சொன்னீங்க, வீடியோ பார்க்கறவங்ககிட்ட?"

"ஒண்ணும் சொல்லலை."

"எதுவுமே?"

"எதுவுமே."

தெய்வானை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சமையல்கட்டுக்குள் போனாள். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. தட்டு அலமாரியில் ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

பொன்னுரங்கம் ஒரு பணியாரத்தை எடுத்து முழுசாக வாயில் போட்டார்.

"ஆ!"

துள்ளி எழுந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"சுடுதுடி!"

"பின்னே?" என்றாள் தெய்வானை. "ஊதித் தின்னுங்க."