வேர்முடிச்சு எண்ணியவர்

ஒரு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தாறு. குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "மேடம்" என்பார். பண்ணைக்குப் புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போய் சீடருக்குத்தான் முதல் கும்பிடு போடுவார்கள்.

சீடர் பெயர் தேவசகாயம். வேளாண் துறையில் திட்டம் தீட்டும் பிரிவில் பெரிய அதிகாரி. ஓய்வுக்கு இரண்டே வருடம் இருக்கும்போது, மனுஷர் பகுதி நேர ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்துவிட்டார். காரணம் இல்லாமல் இல்லை.

பயறு வகைச் செடிகளின் வேரில் சிறு முடிச்சுகளை உண்டாக்கி, அதில் குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிற நுண்ணுயிர் ஒன்று உண்டு. அது இருந்தால் யூரியா வேண்டாம், யூரியாவால் காற்று கெடுவதும் குறையும். எட்டு வருடத்துக்கு முன் தேவசகாயம் அதைக் கரித்தூளில் கலந்து பொட்டலம் கட்டி மாவட்டந்தோறும் அனுப்பினார். காகிதத்தில் அந்தத் திட்டத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. பொட்டலங்கள்தான் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைகளில் கிடந்து, உள்ளே இருந்த உயிரெல்லாம் வெந்து, வெறும் கரித்தூளாக விவசாயிகள் கைக்குப் போயின. செடியைப் பிடுங்கி, முடிச்சில்லாத வேரைப் பார்த்தவர்கள் தேவசகாயத்தை வாயில் போட்டு மென்றார்கள்.

இப்போது மாறிவரும் பருவநிலைக்கு ஏற்ற விவசாயம் என்று அரசு புதுக் கொள்கை எழுதுகிறது. அதில் அந்த நுண்ணுயிருக்கு ஒரு அத்தியாயம். எழுதும் வேலை மறுபடியும் இவர் தலையில் விழுந்தது. இந்தத் தடவையும் சறுக்கினால் அந்த அவமானத்தோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அதனால் வந்த முதல் நாளே குரு மெஹருன்னிசாவிடம் கேட்டார்.

"இந்தக் கிருமி கடைக்கோடி விவசாயி வரைக்கும் போய்ச் சேர என்ன வழி மேடம்?"

கேட்ட கையோடு, தான் எழுதி வைத்திருந்த பதினான்கு பக்கத்தையும் நீட்டினார். குரு அதை வாங்கவில்லை.

"தினம் நாலு செடி பிடுங்கி வேர்முடிச்சை எண்ணுங்க சார்."

"எத்தனை நாளைக்கு?"

"அறுவடை வரைக்கும்."

பயிர் சோயா. அந்த ஊருக்குப் புதுசு, அதற்குரிய நுண்ணுயிர் அந்த மண்ணில் கிடையாது. மேல் வயலில் விதையோடு நுண்ணுயிரைக் கலந்து விதைத்தார்கள். கீழ் வயலில் வெறும் விதை. மேலே வேரில் முடிச்சு விழ வேண்டும், கீழே விழக் கூடாது. இந்த வித்தியாசம்தான் அத்தியாயத்துக்கு ஆதாரம். ஒரு வயலின் மண் இன்னொன்றுக்குப் போகாதபடி தேவசகாயம் களைக்கொத்துகளைக்கூடத் தனித்தனியாக வைத்துக்கொண்டார். செருப்பையும் மாற்றிக்கொண்டுதான் வரப்பு தாண்டினார்.

வேண்டாவெறுப்பாகத்தான் எண்ண ஆரம்பித்தார். ஒரு நாள் மேல் வயல் செடியில் மிளகளவு முடிச்சு ஒன்றை நகத்தால் கீறியபோது உள்ளே இரத்தச் சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பு இருந்தால் கிருமி வேலை செய்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அப்புறம் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி முடிச்சைக் கீறிக் காட்டினார். களையெடுக்க வந்த துளசிமணிக்கு நாலு தடவை காட்டினார். அந்தம்மாள் நுண்ணுயிர் கலக்காத மிச்ச விதையில் ரெண்டு படி கேட்டபோது, தன் கால் ஏக்கரில் போட்டுக்கொள்ளட்டும் என்று சந்தோஷமாகக் கொடுத்தும் அனுப்பினார்.

நாற்பத்தைந்தாம் நாள் கீழ் வயலில் ஒரு செடியைப் பிடுங்கினார். வேரில் முடிச்சு. கீறினால் சிவப்பு. இன்னும் மூன்றைப் பிடுங்கினார். மூன்றிலும் இருந்தது.

குரு வந்து பார்த்தபோது தேவசகாயம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். மண் எப்படிக் கலந்தது என்று தெரியவில்லை, களைக்கொத்தைக்கூட மாற்றி எடுக்கவிடவில்லை என்றார். ஒப்பிட்டுக் காட்ட இனி வயல் இல்லை. பத்து நாளில் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும்.

"நீங்க எண்ணுறதை நான் ஒரு தடவை பார்க்கணும் சார்," என்றார் குரு.

தேவசகாயம் எழுந்து மேல் வயலில் ஒரு செடியை மண்ணோடு பிடுங்கினார். மண் இருந்தால் முடிச்சு தெரியாது. அதனால் வழக்கம்போல வாய்க்கால் ஓரம் குந்தி, வேரைத் தண்ணீரில் அலசினார். நல்ல பொறுமையாக, விரலால் நீவி நீவி அலசினார்.

குரு ஒரு ஆமணக்கு இலையைப் பறித்து, கலங்கிய அந்தத் தண்ணீரில் போட்டார். இலை மெல்ல நகர்ந்தது. குரு அதோடு கூடவே நடந்தார். சீடரும் செடியைக் கையில் பிடித்தபடி நடந்தார்.

இலை கொஞ்ச தூரம் போய், கீழ் வயலின் மடைக்குள் திரும்பியது.

தேவசகாயம் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை நாளும் ஒரு நாள் தவறாமல், தன் கையாலேயே கீழ் வயலுக்குக் கிருமியை ஊட்டியிருக்கிறார். களைக்கொத்தைப் பிரித்து வைத்தவருக்குத் தண்ணீர் ஞாபகம் வரவில்லை.

குருவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. தேவசகாயத்துக்கு முதலில் முகம் சுண்டியது. பிறகு கையிலிருந்த செடியையும் காலிலிருந்த தனிச் செருப்பையும் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து ஓய்வதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து துளசிமணி கூப்பிட்டார். வாய்க்காலின் கடைசித் தண்ணீர் பாய்வது அவருடைய கால் ஏக்கருக்குத்தான். கையில் ஒரு சோயாச் செடி, வேர் தொங்கியது.

"ஐயா, அந்தச் செவப்பு என்னோட செடியிலயும் வந்துருச்சுங்க."

தேவசகாயம் வேலியோரம் ஓடினார். முடிச்சை நகத்தால் கீறினார். சிவப்பு. யூரியா போட்டீர்களா என்று அவசரமாக விசாரித்தார்.

"எதுக்குங்க போடறேன்? ஊட்டி விட்டா செடி சோம்பேறியாயிரும், வேர்ல முடிச்சே விடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. பக்கத்துக் காட்டுக்காரங்களும் வந்து பாத்துட்டுப் போனாங்க. வெதை கேக்கறாங்க."

தேவசகாயத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. எட்டு வருடமாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கிப் போனது.

குருவுக்கோ சோதனை கெட்டுப்போனதை மறைக்கிற எண்ணம் இல்லை. இந்தப் பருவத்து எண்ணிக்கையை ஒப்பிட முடியாது, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த பருவம் வேறு வயலில் முதலிலிருந்து விதைப்போம் என்றார். தேவசகாயம் சரி சரி என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். செடியைப் பிடித்திருந்த கை இன்னும் மண்ணாகவே இருந்தது. வாய்க்கால் வரை போனவர், குனியாமல் திரும்பிப் பார்த்தார்.

"இனிமே வேரை எங்க கழுவட்டும் மேடம்?"

"சோதனைக்கு வாளியில கழுவுங்க சார். கொள்கைக்கு வாய்க்கால்ல கழுவுங்க."