இருபது பல், இருபத்தெட்டுப் பல்

"நாலு பட்டறை ஏறி இறங்கிட்டேம்மா. நான் கேக்கற பல்லை வெட்ட யார்கிட்டயும் கட்டர் இல்லை."

சொன்னவர் திருவேங்கடம். வயது அறுபத்து நாலு. பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் மெஹ்ருன்னிசா. வயது முப்பத்து மூன்று. கோவை கணபதியில் பல்சக்கரம் வெட்டும் பட்டறை அவருடையது.

"எந்த அளவுப் பல்லுங்க சார்?"

"ஒண்ணு புள்ளி நாலு மாட்யூல்."

மாட்யூல் என்பது பல்லின் பருமன்; கடையில் கட்டர் ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை என்றுதான் கிடைக்கும். அதற்கு முந்தின நாலு பட்டறைகளிலும் இந்த இடத்தில் சிரித்திருந்தார்கள். மெஹ்ருன்னிசா சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. எதுக்கு அந்த அளவு?"

திருவேங்கடம் ஒரு வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பெட்ரோல் இஞ்சின்.

"என் சிநேகிதன் தேவசகாயம் போட்ட படம். அவனே செஞ்சு, விரலால வெளிச்சக்கரத்தைச் சுண்டி ஓட விடுவான். இப்ப அவனுக்குக் கை நடுங்குது. சக்கரம் விரலுக்குள்ள நிக்க மாட்டேங்குது. 'கை நிறையப் பிடிக்கற மாதிரி பெரிசா ஒண்ணு பண்ணிக் குடுடா, நானே ஸ்டார்ட் பண்ணணும்'னு கேட்டான்."

"சரிங்க."

"என் லேத்துல அதிகபட்சம் ஒண்ணு புள்ளி நாலு மடங்குதான் பெரிசாக்க முடியும். படத்துல இருக்கற எல்லா அளவையும் அதால பெருக்கினேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். பசங்களுக்கு முப்பது வருஷமா அதைத்தானே சொல்லிக் குடுத்தேன்? அவன் படம்மா இது. ஒரு நம்பரைக்கூட என் இஷ்டத்துக்கு மாத்த மாட்டேன்."

பையிலிருந்து இஞ்சினின் உடலை எடுத்து வைத்தார். வார்ப்படம். பக்கவாட்டில் இரண்டு துளைகள்.

"எட்டு மாச வேலை. ஒரு பட்டறையில ஒண்ணரை மாட்யூல் போட்டுக்கலாம், ஓட்டையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கன்னு சொல்லி டிரில்லை எடுத்துட்டான். பிடுங்கிக்கிட்டு வந்துட்டேன்."

மெஹ்ருன்னிசா துளைகளுக்கு இடையே அளந்து பார்த்தார். மையத்துக்கு மையம் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.

"ஓட்டை அருமையா விழுந்திருக்குங்க சார். இதைத் தொடக் கூடாது."

எட்டு மாதத்தில் அந்த வேலையைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

"இந்த ஓட்டையில மாட்டற ரெண்டு பல்சக்கரமும் என்ன வேலை செய்யுதுங்க?"

"கிராங்க் தண்டு ரெண்டு சுத்து சுத்தினா, வால்வைத் தள்ளற கேம் தண்டு ஒரு சுத்து சுத்தணும். அப்பத்தான் வால்வு நேரத்துக்குத் திறக்கும்."

"அது மாறினா?"

"இஞ்சினே ஓடாது."

"ஓட்டை மாறினா?"

"எட்டு மாசம் வீண்."

"பல்லோட அளவு மாறினா?"

அவர் விரித்த படத்தை உள்ளங்கையால் நீவினார்.

"படம் மாறிடும்" என்றார்.

மெஹ்ருன்னிசா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்.

"குழந்தையா இருந்தப்ப உங்களுக்கு எத்தனை பல்லுங்க சார்?"

"பால் பல்லா? இருபது."

"இப்ப?"

"நாலு ஞானப்பல்லையும் பிடுங்கியாச்சு. இருபத்தெட்டு."

"தாடை பெரிசாச்சு. பல்லு?"

திருவேங்கடம் படத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

பிறகு பென்சிலை எடுத்தார்.

சின்ன இஞ்சினில் ஒன்றாம் மாட்யூல். இருபது பல் ஒரு சக்கரம், நாற்பது பல் ஒரு சக்கரம். மொத்தம் அறுபது. அந்த மாட்யூலில் மொத்தத்தில் பாதிதான் துளைகளின் இடைவெளி. முப்பது மில்லிமீட்டர்.

பல்லின் அளவை அப்படியே விட்டார். எண்ணிக்கையை மட்டும் கூட்டினார். இருபத்தெட்டு. ஐம்பத்தாறு. மொத்தம் எண்பத்து நாலு.

பாதி நாற்பத்திரண்டு.

கணக்கை இன்னொரு முறை போட்டார். அதேதான் வந்தது. இரண்டுக்கு ஒன்று என்பதும் கலையவில்லை.

"ஒன்றாம் மாட்யூல் கட்டர் இருக்கா?"

"அது இல்லாத பட்டறை ஏதுங்க?"

"பல் சின்னதாச்சே, தாங்குமா?"

"வால்வைத் திறக்கற வேலைதானுங்களே. சக்கரத்தை நல்லா அகலமா வெட்டித் தர்றேன்."

வெட்டி முடிக்கும்வரை திருவேங்கடம் நின்றுகொண்டே பார்த்தார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

மெஹ்ருன்னிசா இரண்டு சக்கரங்களையும் மண்ணெண்ணெயில் கழுவினார். துளைகளில் தண்டுகளைச் செருகி மாட்டினார். பெரிய சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் சுற்றியது.

"என் கிளாஸ்ல நீங்க இருந்திருக்கணும்" என்றார் திருவேங்கடம். உள்ளே வந்தபோது 'அம்மா' என்றிருந்தவர் எப்போது 'நீங்க'வுக்கு மாறினார் என்று அவருக்கே தெரியாது.

"இருந்திருந்தா?"

"நான் கத்துக்கிட்டிருப்பேன்."

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இஞ்சினைத் தேவசகாயத்தின் வீட்டுக்குத் தூக்கிப் போனார்.

தேவசகாயம் நடுங்கும் இரண்டு கைகளாலும் வெளிச்சக்கரத்தைப் பிடித்தார். பிடி நின்றது. சுற்றினார். இஞ்சின் இருமியது. மறுபடி சுற்றினார். மூன்றாவது சுற்றில் பற்றிக்கொண்டு படபடவென்று ஓடியது.

தேவசகாயம் சிரித்தார். கண்ணைத் துடைத்தார். மறுபடி சிரித்தார். திடீரென்று குனிந்து பார்த்தார்.

"நிறுத்துடா."

திருவேங்கடம் நிறுத்தினார்.

தேவசகாயம் சின்னப் பல்சக்கரத்தின் பற்களை நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். கை நடுங்கியதால் எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"இருபத்தெட்டு. நான் இருபதுதானே போட்டேன்?"

"ஆமா. மாத்திட்டேன். மன்னிச்சுக்கடா."

"மன்னிப்பா? எதுக்கு?"

"உன் படமாச்சே. இருபதுன்னு நீ ஏதோ யோசிச்சுத்தானே போட்டிருப்பே?"

தேவசகாயம் பல்சக்கரத்தைத் தட்டிக் காட்டினார்.

"அன்னிக்கு ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷினைப் பிரிச்சேன்டா. உள்ள இருபதும் நாப்பதும்தான் கெடச்சது."