உலகம்மாளுக்கு ஒரு பிழையும் கிடைக்கவில்லை

“எனக்கு ஒரு பிழைகூடக் கிடைக்க மாட்டேங்குது டீச்சர்” என்றார் உலகம்மாள்.

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

டீச்சர் என்றால் ரெஜினா. உலகம்மாளின் மகளைவிட இளையவர். தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவருக்கு அலுவலகம். நூலகங்களுக்கென்று புதிதாக ஒரு கணினி இயங்குதளம் தயாராகிறது. அதன் சோதனைப் பதிப்பை வீட்டில் ஓட்டிப் பார்க்க ஊர்க்காரர்களிடம் கொடுத்து, எங்கெங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொல்வது அவர் வேலை. அதிகம் பேச மாட்டார். பேசினாலும் பாதி கேள்வியாக இருக்கும்.

“மத்தவங்க எல்லாம் பிழை பிழையா அள்ளிட்டு வாராங்க. நான் மட்டும் ‘எல்லாம் நல்லா இருக்கு’ன்னே எழுதுதேன்.”

“ம்.”

“ஒண்ணுமே கண்டுபிடிக்காதவங்கள வெள்ளிக்கிழமை குழுவுல இருந்து எடுத்துருவாங்களாமே?”

“ஆமாக்கா.”

உலகம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். அதற்கப்புறம் அவர் பெயரைச் சொல்லி யாரும் கொடுத்த முதல் வேலை இதுதான். அது போய்விடும் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

“அதுக்காக இல்லாத பிழைய எழுத முடியுமா டீச்சர்?”

“கூடாது.”

உலகம்மாளின் போன் அடித்தது. அவர் கணவர் சங்கரநாராயணன். போனில் அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

“அக்கா குடும்பத்தோட நாளைக்கு வாரா. உன் கம்ப்யூட்டர் மேசையத் தூக்கி மாடிப்படிக்குக் கீழ போடப் போறேன். ஜன்னல்கிட்ட கட்டில் போடணும்லா?”

“சரிங்க. பரவால்ல.”

போனை வைத்ததும் ரெஜினா கேட்டார்.

“படிக்குக் கீழ வெளிச்சம் இருக்குமாக்கா?”

“இருக்காது. டார்ச் வச்சுக்கிடலாம்.”

ரெஜினா அதே சோதனைப் பதிப்பு ஓடும் தன் கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

“ஒரு லெட்டர் அடிங்க.”

“யாருக்கு?”

“யாருக்காவது.”

உலகம்மாள் மகளுக்கு அடித்தார். ஒரு வரி முடிந்ததும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“விடாம அடிச்சா அது திணறும் டீச்சர். கொஞ்சம் மூச்சு விடட்டும்.”

கடிதம் முடிந்தது. அதற்குக் கீழே வெறும் வரிகளாகத் தட்டினார்.

“இது எதுக்கு?”

“கீழ இருக்குற பட்டை கடைசி வரிய மறைச்சிரும். வெத்து வரி விட்டா நம்ம எழுத்து மேல ஏறிக்கிடும்.”

கடிதத்தைச் சேமித்தார். உடனே வேறொரு பெயரில் இன்னொரு முறை சேமிக்கப் போனார்.

“அதான் சேமிச்சாச்சே?”

“மொதல்ல சேமிக்கிறது காணாமப் போயிரும். ரெண்டாவதுதான் நிக்கும். அதனால நான் எப்பவும் ரெண்டு தடவ.”

ரெஜினா எழுந்தே விட்டார்.

“காணாமப் போயிருமா?”

“புதுசுதானே, பாவம். நாமதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடணும்.”

அடுத்த வாரம் அது நூலகங்களுக்குப் போக இருந்தது. அங்கே உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் அடிக்கிறவர்கள் இரண்டு தடவை சேமிக்க மாட்டார்கள். அவர்கள் உலகம்மாள் இல்லை.

இரண்டாவது தடவை சேமிக்க விடாமல், ரெஜினா உலகம்மாளின் வலது கையைப் பிடித்துக்கொண்டார். தன் இடது கையால் அந்தக் கடிதக் கோப்பை மூடி, மறுபடி திறந்தார்.

திரை வெள்ளையாக இருந்தது. மகளுக்கு எழுதிய ஒரு வரிகூட இல்லை.

“பாத்தீங்களா, போச்சு!” என்று பதறினார் உலகம்மாள்.

“யார் தப்பு?”

“நான்தான். இன்னொரு தடவ சேமிச்சிருந்தா…”

ரெஜினா கையை விடவில்லை.

“யார் தப்புக்கா?”

உலகம்மாள் கதவைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் கணினியைப் பார்த்து, அதற்குக் கேட்டுவிடாத குரலில் சொன்னார்.

“இதோட தப்புதான்.”

ரெஜினா கையை விட்டார்.

“எழுதுங்க.”

எழுதினார். அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“இதச் செஞ்சவங்க கோவிச்சுக்கிட மாட்டாங்களே?”

ரெஜினா டீ வாங்கக் கீழே போய்விட்டார். உலகம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினார்.

டீ வந்து பாதி குடிப்பதற்குள் பதிலும் வந்துவிட்டது.

‘மிகப் பெரிய பிழை. இது தெரியாமலே வெளியிட்டிருப்போம். இன்றே சரிசெய்கிறோம். நன்றி அம்மா. முதலிலேயே சொல்லியிருக்கலாமே!’

உலகம்மாள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

“திட்டலையே டீச்சர்.”

“இல்ல.”

“என்னையக் குழுவுல இருந்து…”

“உங்களையா?” என்று ரெஜினா சிரித்துவிட்டார்.

உலகம்மாளுக்கு மூச்சு நன்றாக வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். மீதி டீயை ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

“டீச்சர்.”

“சொல்லுங்கக்கா.”

“டீயில சீனி கம்மி.”

ரெஜினா சந்தோஷமாக எழுந்துபோய்ச் சீனி வாங்கி வந்தார்.

உலகம்மாள் அதைக் கலக்கி முழுதும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“ஏங்க, மேசை ஜன்னல்கிட்டயே இருக்கட்டும். படிக்குக் கீழ எனக்குக் கண்ணு தெரியாது.”

தெருவுக்கே கேட்கும் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. உலகம்மாள் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, கட்டில ஹால்ல போட்டுக்கிடுவோம்” என்றது போன். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

உலகம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, வசதியாக உட்கார்ந்தார்.

“வச்சிராதீங்க. இன்னும் இருக்கு.”